ஆர்... ஆர்... ஆர்... எஸ்!

போன மாதம் என் அப்பாவுக்கு ஒரு மார்க் ஷீட் வந்தது. அறுபத்தெட்டு வயதில்!

ஒரு வெள்ளைத் தாள். இடது பக்கம் வாயில் நுழையாத பதினாறு பெயர்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை எழுத்து. ஆர். ஆர். ஆர். எஸ். மறுபடி ஆர். நான் பி.காம். என்பதால் முதலில் கூட்டிப் பார்த்தேன். பதினொரு ஆர், ஐந்து எஸ். அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். காலேஜ் ஞாபகத்தில் 'ஆர்' என்றால் 'ரீ-அப்பியர்' என்றுதான் தோன்றியது. பதினொரு பேப்பர் அரியர்ஸ் என்றால் நான்கூட வைத்ததில்லை.

லேப் பையன் சிரிக்காமல் விளக்கினான். "ஆர்னா ரெசிஸ்டென்ட் சார். அந்த மருந்து கேக்காது. எஸ்னா சென்சிடிவ். கேக்கும்."

"அப்ப இந்தப் பதினொண்ணும்?"

"வேஸ்ட் சார்."

அப்பாவுக்கு நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். இரண்டு வாரமாக மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா 'யூரின் கல்ச்சர் பாத்துடலாம்' என்று எழுதிக் கொடுத்தார். கல்ச்சர் என்றால் நாம் நினைக்கிற பரதநாட்டியம், கர்னாடக சங்கீதம் இல்லை. ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளரவிடுவார்கள். நன்றாகக் கொழுத்து வளரும்போது, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த காகிதப் பொட்டுகளைத் தட்டில் வரிசையாக வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் துடைத்துவிட்ட மாதிரி தெரியும். வேலை செய்யாவிட்டால் கிருமி பொட்டின் ஓரம் வரைக்கும் வந்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கும். அந்தத் தட்டைத்தான் லேப் பையன் ஆர், எஸ் என்று மொழிபெயர்த்திருந்தான்.

கிருமியின் பெயர் ஈ.கோலை. பயங்கரமான ஆள் எல்லாம் இல்லை. உங்கள் குடலிலும் என் குடலிலும் இந்த நிமிஷம் கோடிக்கணக்கில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பது. குடலில் இருக்கிறவரை சாது. ரூட் மாறிச் சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் வம்பு.

அப்பா தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். "கிருமி மருந்துக்குப் பழகிடுச்சுடா. நான் நைட் ஷிப்டுக்குப் பழகின மாதிரி" என்றார்.

கேட்பதற்கு ரொம்பச் சரியாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது தப்பு. அந்தத் தப்பு என்ன என்று புரிந்துகொள்ள நான் நெய்வேலி லைப்ரரியில் ஒரு வாரம் உட்கார வேண்டியிருந்தது. ஜீவராசிகள் எப்படி மாறுகின்றன என்கிற பெரிய விஷயம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில், 'பழகிடுச்சு'வில், மாட்டிக்கொண்டிருக்கிறது.

*

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். பிறந்தது 1957. அந்த வருஷம் மே 20-ம் தேதிதான் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 'நானும் மைன்ஸும் ஒரே செட்டு' என்று சொல்லிக்கொள்வார். 1980-ல் வேலைக்குச் சேர்ந்து, 2017-ல் ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இப்போது அண்ணனின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அதாவது நாலு வட்டம் தள்ளி. (வெளியூர் வாசகர்களுக்கு: நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் தெருப் பெயர் சொல்லி விலாசம் கேட்கமாட்டார்கள். வட்டம் நம்பர்தான்.)

முப்பத்தேழு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. இரண்டு உள்ளங்கையிலும் காய்ப்பு. ரிடையராகி இத்தனை வருஷமாகியும் முழுசாகப் போகவில்லை. சின்ன வயதில் அந்தக் கையால் முதுகைத் தேய்த்துவிட்டால் தனியாகப் பீர்க்கங்கூடு தேவைப்படாது.

இப்போது என் கையைப் பாருங்கள். பேனா, கீபோர்டு, டீ கிளாஸ் தவிர எதையும் பிடித்தறியாதது. வெண்ணெய். அப்பாவின் முப்பத்தேழு வருஷக் காய்ப்பில் ஒரு பைசா எனக்கு வாரிசு உரிமையாக வரவில்லை.

இதுதான் விஷயம். ஓர் ஆள் வாழ்நாளில் 'பழகி'ச் சம்பாதிக்கிறது அந்த ஆளோடு போச்சு. பிள்ளைக்கு இறங்காது. இறங்கும் என்று நினைத்தவர் லாமார்க் என்கிற பிரெஞ்சுக்காரர். உயரத்தில் இருக்கும் இலையை எட்டி எட்டிக் கடித்து ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் வந்தது என்றார். 1809-ல் புத்தகம் போட்டார். நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்னும் மனசுக்குள் லாமார்க் கட்சிதான். பிறகு வெய்ஸ்மான் என்கிற ஜெர்மன்காரர் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டே போனார். பிறந்த குட்டிகள் எல்லாம் ஜம்மென்று முழு வாலோடு பிறந்தன. பாவம், எலிகளைச் சித்திரவதை செய்யாமலே நம் ஊருக்கு வந்து கேட்டிருக்கலாம். எத்தனை நூறு தலைமுறையாக மொட்டை போட்டுக் காது குத்துகிறோம்? ஒரு குழந்தையாவது ஓட்டையோடு பிறந்து ஆசாரிக்குக் கொடுக்கிற காசை மிச்சப்படுத்தியிருக்கிறதா?

அப்படியானால் மாற்றம் எங்கிருந்து வருகிறது? டார்வின் 1859-ல் சொன்ன பதில், ஒரு குமாஸ்தாவுக்கும் புரியக்கூடிய பதில். பிறக்கிற குட்டிகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். அந்த வித்தியாசம் முன்கூட்டியே, எந்தத் தேவையும் பார்க்காமல் வந்துவிடுகிறது. பிறகு உலகம் வந்து வடிகட்டுகிறது. தப்பித்தது பிள்ளை பெறுகிறது. பிள்ளை அதன் சாயலில் இருக்கிறது. அவ்வளவுதான். யாரும் எதற்கும் பழகுவதில்லை, முயற்சி செய்வதில்லை, 'நான் மாறிக் காட்டுகிறேன் பார்' என்று சபதம் போடுவதில்லை.

இங்கே ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம். 'வல்லவன் வாழ்வான், அதான் டார்வின் சொன்னது' என்று ஆபீஸில் இன்கிரிமென்ட் சமயத்தில் ஒரு சூப்பர்வைசராவது சொல்லியிருப்பார். அந்தச் சொற்றொடரை உண்டாக்கியவர் டார்வின் இல்லை, ஹெர்பர்ட் ஸ்பென்சர். 1864-ல். டார்வின் பிறகு தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அதற்கும் வல்லவன், பலசாலி என்று அர்த்தமில்லை. அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, பொருந்தியவன். இடம் மாறினால் பொருத்தமும் போச்சு.

*

'பொருந்தியவன்' என்றால் என்ன என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒரு பூச்சி. பெப்பர்டு மாத் என்று பெயர். வெள்ளைச் சுவரில் மிளகுத் தூளைத் தூவினது போன்ற இறக்கை. இங்கிலாந்தில் மரப்பட்டைகளில் வெளுத்த பாசி மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். பகலில் இந்தப் பூச்சி அதன்மேல் இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டு தூங்கினால் குருவிக்குக் கண் தெரியாது.

தொழிற்சாலைகள் வந்தன. நிலக்கரிப் புகை. பாசி செத்தது, பட்டை கரி பிடித்தது. கறுப்புச் சுவரில் வெள்ளைப் பூச்சி. குருவிகளுக்குத் தீபாவளி. 1848-ல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பாக ஒரு பூச்சியைப் பிடித்துக் குறித்து வைத்தார்கள், அபூர்வம் என்று. 1895 வாக்கில் அதே ஊரில் நூற்றுக்கு 98 கறுப்பு. ஐம்பது வருஷத்துக்குள்!

எந்தப் பூச்சியும் கரியில் புரண்டு கறுக்கவில்லை. கறுப்புக்குக் காரணமான டி.என்.ஏ. மாற்றத்தை 2016-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு துண்டு எங்கிருந்தோ எகிறி வந்து இன்னோர் இடத்தில் செருகிக்கொண்டதால் வந்த தற்செயல். அது நடந்தது 1819-ஐ ஒட்டி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் கேட்காமலே, எங்கோ ஒரு பூச்சிக் குடும்பத்தில், ஒரு கறுப்புப் பிள்ளை. சுத்தமான மரத்தில் அது துரதிருஷ்டசாலி. கரி பிடித்த மரத்தில் மகாராஜா.

இதை அப்பாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் கரி பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அம்மா சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது உதறுகிற உதறலே ஒரு பாடம்.

"அப்புறம்?" என்றார்.

1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956-ல் இங்கிலாந்து 'சுத்தக் காற்றுச் சட்டம்' கொண்டுவந்தது. (அதே 1956-ல், நவம்பர் 14-ம் தேதி, நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பட்டது. ஒருத்தர் அடுப்பை அணைக்கிற வருஷம் இன்னொருத்தர் பற்றவைக்கிறார். குறை சொல்லவில்லை, அந்த அடுப்பில்தான் நான் வளர்ந்தேன்.) அங்கே புகை குறைந்தது. மரங்கள் வெளுத்தன. கறுப்புப் பூச்சிகளைக் குருவிகள் கொத்தின. இன்று அங்கே கறுப்புதான் அபூர்வம். நடுவில் சிலர் 'இந்தப் பூச்சிக் கதையே டுபாக்கூர்' என்று கிளப்பிவிட்டார்கள். பழைய சோதனைகளில் ஓட்டைகள் இருந்தது நிஜம். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜேரஸ் என்கிறவர் 2001-லிருந்து தன் தோட்டத்திலேயே ஆறேழு வருஷம், 4,864 பூச்சிகளை வைத்து, எதைக் குருவி தின்கிறது என்று காலை காலையாக எண்ணினார். கறுப்புதான் அதிகம் போயிருந்தது. கதை ஜெயித்தது.

இந்தப் பூச்சியை முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இத்தனை வேகமாகக் கறுக்க வேண்டுமென்றால் கறுப்புக்கு எவ்வளவு லாபம் இருந்திருக்க வேண்டும் என்று 1924-லேயே, வட்டிக் கணக்கு மாதிரி, போட்டுக் காட்டினார். வெள்ளை இரண்டு பிள்ளை விட்டுப் போகிற இடத்தில் கறுப்பு மூன்று விட வேண்டும், ஏறக்குறைய. அந்த மனுஷர் 1957-ல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே குடிவந்து, குர்தா பைஜாமா மாட்டிக்கொண்டு, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் செத்துப்போனார். நம்மாட்களில் அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

*

"பூச்சிக்கு வருஷத்துக்கு ஒரு ஈடு. அதுக்கே அம்பது வருஷம் ஆச்சு. கிருமிக்கு எவ்ளோ நாளு?" என்றார் அப்பா. ஃபிட்டர்கள் எப்போதும் சரியான இடத்தில்தான் ஸ்பேனரைப் போடுவார்கள்.

இங்கேதான் பி.காம். உதவுகிறது. நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் ஓர் ஈ.கோலை இருபது நிமிஷத்தில் இரண்டாகும். கூட்டுவட்டி. ராத்திரி பத்து மணிக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குள் இருபத்துநான்கு தடவை இரட்டிக்கிறது. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 1,67,77,216. உலகத்தில் எந்தச் சீட்டுக் கம்பெனியும் இந்த வட்டி கொடுத்ததில்லை. கொடுப்பதாகச் சொன்னவர்கள் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் சுமார் நாற்பத்தாறு லட்சம் எழுத்துள்ள டி.என்.ஏ. புத்தகத்தை அது காப்பி அடிக்கிறது. நம் ஊர் ஜெராக்ஸ் கடையைவிட நூறு மடங்கு ஒழுங்கான காப்பி. ஆனாலும் ஆயிரம் காப்பிக்கு ஒன்றிலாவது ஏதோ ஓர் எழுத்துப் பிழை விழுந்துவிடுகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றரைக் கோடிக்கு? பதினைந்தாயிரத்துக்கு மேலே. பெரும்பாலான பிழை உதவாதது, சிலது கெடுதல். ஏதோ ஒன்று, ஒரு மருந்து உள்ளே நுழைகிற கதவைத் தற்செயலாக ஒருக்களித்து வைத்துவிடுகிறது. மருந்தே இல்லாத ராத்திரியில் அந்தக் கதவால் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மருந்து வருகிற காலையில், மற்ற எல்லாம் செத்து விழுந்த பிறகு, மொத்தக் குடலும் அதற்குத்தான்.

இது நடப்பதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். 2016-ல் அமெரிக்காவில், ஹார்வர்டில். நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு ராட்சதத் தட்டு. இரண்டு ஓரத்திலும் மருந்து கிடையாது. உள்ளே போகப் போகப் பட்டை பட்டையாக மருந்தின் அளவு கூடும். நடுவில் ஆயிரம் மடங்கு. ஓரத்தில் ஈ.கோலையை விட்டார்கள். அது பரவிக்கொண்டு முதல் கோட்டுக்கு வருகிறது. நிற்கிறது. செத்த அமைதி. திடீரென்று ஓர் இடத்தில் ஒரு புள்ளி கோட்டைத் தாண்டி முளைக்கிறது. விசிறி மாதிரி விரிகிறது. அடுத்த கோடு. நிற்கிறது. மறுபடி ஒரு புள்ளி. பதினோரு நாளில் நடுப்பட்டையில் அது ஹாயாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

அண்ணன் மொபைலில் இந்தப் படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "நம்ம மைன்ஸ் பெஞ்ச் மாதிரியே இருக்குதுடா" என்றார்.

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்குப் புரியும். பூமிக்குள் குகை கிடையாது. வானத்தைப் பார்த்துத் திறந்த பள்ளம், படிக்கட்டு படிக்கட்டாக. ஒவ்வொரு படிக்கும் பெஞ்ச் என்று பெயர். ஒரு பெஞ்ச் மண்ணை பக்கெட் வீல் மெஷின் வாரி முடித்தால்தான் அடுத்த பெஞ்சுக்கு இறங்க முடியும். ஒரேயடியாக அடிவரைக்கும் குதிக்க முடியாது. கிருமியும் அப்படித்தான், ஆயிரம் மடங்கு மருந்தில் நேராகத் தூக்கிப் போட்டால் ஒன்றுகூடத் தப்பாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அது பெஞ்ச் போட்டு இறங்கிவிடும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கின மேடையிலேயே இதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார், கொல்லாத அளவுக்குக் கொஞ்சூண்டு மருந்தைக் காட்டிக் கிருமியைத் தயார் செய்துவிடாதீர்கள் என்று.

எங்கள் வீட்டில் பெஞ்ச் போட்டுக் கொடுத்தது யார்?

*

அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

எங்கள் வீட்டு ஷெல்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே ஊக்கு, பொத்தான், செத்துப்போன டார்ச் செல், பாதி பாதியாக வெட்டின மாத்திரை அட்டைகள். நான் நெய்வேலிக்கு வரும்போதெல்லாம் அந்த டின்னின் சூப்பரின்டெண்டென்ட் நான்தான். யாருக்குத் தும்மல் வந்தாலும் அட்டையைத் தூக்கிப் பார்த்து, பேரை வாசித்து, 'இது ஆன்டிபயாடிக், நல்லா கேக்கும்' என்று பிய்த்துக் கொடுப்பேன். அப்பாவுக்கு ஜலதோஷம் என்றால் அஸித்ரோமைசின். வயிறு சரியில்லை என்றால் சிப்ரோ. இரண்டு நாளில் சரியாகிவிடும். உடனே நிறுத்திவிட்டு, மிச்சம் நாலு மாத்திரையைச் சிக்கனமாகத் திருப்பி டின்னில் போடுவோம். டின் காலியானால் பழைய அட்டையை மருந்துக் கடையில் காட்டி 'இதுல ஆறு' என்று வாங்கி வருவேன். அந்த மாதிரி மருந்தைச் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது, சிலவற்றை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 2014-லிருந்தே சட்டம் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பார்கள். 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதுதான் சரி என்று தமிழாசிரியர்கள் திருத்துவார்கள். என் விஷயத்தில் திருத்தம் தேவையில்லை.

டாக்டரம்மா கோபப்படவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, சளி, ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸ். அதுக்கு இந்த மாத்திரை ஒண்ணும் செய்யாது. தானா ரெண்டு நாள்ல சரியாகியிருக்கும். ஆனா மாத்திரை வயித்துக்குள்ளதானே போகுது? அங்க சும்மா இருந்த ஈ.கோலையில எது தாங்குமோ அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் காலி பண்ணிடும். ஒவ்வொரு தடவையும் சலிச்சுச் சலிச்சு வெச்சுட்டீங்க. இப்ப அது எடம் மாறி வந்திருக்கு" என்றார்.

சலித்துச் சலித்து. அம்மா மாவு சலிக்கிற மாதிரி. நான்தான் சல்லடை. நானே குருவி. நானே கரி.

அப்பா குறுக்கே விழுந்து, "அவன் நல்லதுக்குத்தாம்மா பண்ணான்" என்றார். அந்த நிமிஷம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தரையில் மொசைக் கல் எத்தனை என்று எண்ணியிருக்கிறேன். பதினாலு வரிசை.

இந்தக் கிருமிகளுக்கு இன்னொரு கெட்ட பழக்கம். பூச்சி தன் கறுப்பைத் தன் பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். கிருமிகள் மருந்தைத் தாங்குகிற சூத்திரத்தைச் சின்ன டி.என்.ஏ. வளையமாக்கி, பக்கத்தில் இருக்கிற சம்பந்தமே இல்லாத வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்தனுப்பும், கிண்ணத்தில் ரசம் கொடுத்தனுப்புகிற மாதிரி. அப்படி ஒரு ரசத்துக்கு 2009-ல் என்.டி.எம்.-1 என்று பேர் வைத்தார்கள். என்.டி. என்றால் நியூ டெல்லி. 2010-ல் இதைப்பற்றி வெளிவந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது அகப்பட்டது. ஹரியானாவில் 26, இங்கிலாந்தில் 37. 'எங்கள் தலைநகரின் பேரை எப்படி வைக்கலாம்?' என்று பார்லிமென்ட் வரைக்கும் சத்தம். பேரைப் பற்றிப் போட்ட சத்தத்தில் கால்வாசி கிருமியைப் பற்றிப் போட்டிருக்கலாம். 2012-ல் டாக்டர்கள் சென்னையில் கூடி, மருந்துகளை எப்படிக் காப்பாற்றுவது என்று 'சென்னைப் பிரகடனம்' என்றே ஒன்று போட்டார்கள். என் பிஸ்கட் டின்னுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அப்பாவின் தாளில் பயந்துகொண்டே தேடினேன். மெரோபெனம். எதிரே எஸ். அந்த ரசம் இன்னும் இவர் வீட்டுக்கு வரவில்லை.

*

ஊசி. ஒரு வாரம். மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. ஐந்தாம் நாள் காபியில் சர்க்கரை போதவில்லை என்று அண்ணியிடம் சண்டை போட்டார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் புரிந்துகொண்டோம்.

ஆறாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக மண் வாசனை வந்தது. லைப்ரரியில் படித்ததை எடுத்துவிட்டேன். "அப்பா, இந்த வாசனை மண்ணோடது இல்ல. மண்ணுல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு பாக்டீரியா உண்டாக்கறது. டி.பி.க்குப் போடுறாங்களே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அதை 1943-ல இந்த வகையிலேருந்துதான் எடுத்தாங்க."

"மருந்தே கிருமிதான் பண்ணுதா?"

"பக்கத்துக் கிருமியை அடிக்க. அதுங்களுக்குள்ள கோடிக்கணக்கான வருஷமா சண்டை. இது மருந்து விடும், அது தாங்கும். முப்பதாயிரம் வருஷமா உறைஞ்சு கிடந்த மண்ணுலயே மருந்தைத் தாங்குற கிருமியோட டி.என்.ஏ. கிடைச்சிருக்கு."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதே மண்ணை முப்பத்தேழு வருஷம் பெல்ட்டில் ஏற்றி அனுப்பினவர். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக வந்ததே, அதிலிருந்து ஆரம்பித்த ஊர். அந்தக் கறுப்பு ஒரு காலத்தில் காடு. இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் நிற்கிற மர இனங்களின் கல்லாய்ப் போன கட்டைகள் நம் கடலூர் மணற்பாறையில் கிடைக்கின்றன. இங்கே மழை குறைந்தது, அதுகள் போயின. முந்திரிக்கும் வேம்புக்கும் ஒத்துப்போனது. பொருந்தியவன் கணக்குதான்.

"ஒரு சந்தேகம்டா" என்றார். "அந்தப் பூச்சி, பொகை நின்னதும் திரும்ப வெள்ளையாச்சுன்னியே. நாமளும் மாத்திரையை நிறுத்திட்டா இந்தக் கிருமியும் பழையபடி ஆயிடுமா?"

இதை டாக்டரம்மாவிடமே கேட்டேன். நல்ல கேள்வி என்றார். மருந்தைத் தாங்குகிற ஏற்பாடு கிருமிக்குப் பல சமயம் ஒரு சுமை. கவசம் மாட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. மருந்து இல்லாத இடத்தில் கவசம் இல்லாதவை முந்திக்கொண்டு போகும். அதனால் சில கிருமி, சில மருந்து விஷயத்தில் குறையும். ஆனால் சிலது கவசத்தோடேயே வேகமாக ஓடப் பழகி...

"பழகியா டாக்டர்?" என்றேன்.

சிரித்துவிட்டார். "சரி. வேகமா ஓடுறது மட்டும் மிஞ்சி."

வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதினார். எண்ணிப் பத்து. அதற்குக் குறைவாகவும் வேண்டாம், கூடவும் வேண்டாம் என்றார். அப்பா ஷிப்ட் போகிற ஒழுங்கோடு காலை எட்டு, இரவு எட்டு என்று சாப்பிட்டார். ஒன்பது முடிந்தது. பத்தாவது இரவு.

நான் மதியம் வடலூர் போய்விட்டு வந்து பார்த்தால், அம்மா நாற்காலி போட்டு ஏறி ஷெல்பில் எதையோ வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துது கண்ணு. அப்பாவுக்குத்தான் நல்லாயிடுச்சே. அவசரத்துக்கு ஆகும்னு..."

பிஸ்கட் டின்.